கண்ணைக் காட்டும் வெளிச்சம்



சில வருடங்களுக்கு முன், பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நடந்த கண் முகாமில் மொழிபெயர்த்துக் கொடுக்கப் போயிருந்தேன். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்களும், கடைவீதியிலிருந்து வந்த நம் குடும்பத்துப் பெண்களும் வரிசையில் நின்றார்கள். பாதி வரிசை முடியுமுன் டொக்டரின் கருவியிலிருந்த சின்ன மின்குமிழ் எரிந்துபோயிற்று. மாற்றுக் குமிழ் கைவசம் இல்லை. மிச்சப்பேர் வந்த வழியே மலையேறிப் போனார்கள். ஒரு குமிழ் செய்த வேலையைப் பார்த்தீர்களா?

கண்ணின் உள்ளே ஓர் இருட்டறை. அதற்குள் வெளிச்சம் செலுத்தினால்தான் விழித்திரை தெரியும். அதற்கான கருவியை 1851இல் அறிமுகப்படுத்தியவர் ஜெர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ். அதற்கும் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பே, பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதில்லை, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதால்தான் பார்க்கிறோம் என்று விளக்கிவிட்டார்.

பழைய ஹெலஜன் குமிழில் ஒரு மெல்லிய இழை பழுக்கக் காய்ந்து ஒளி தரும். மின்சாரத்தின் பெரும்பகுதி சூடாகவே வீணாகும். இழை அறுந்தால் குமிழின் கதை முடிந்தது. எல்.ஈ.டி. விளக்கில் இழையே இல்லை. குறைகடத்தி வழியாக மின்சாரம் பாயும்போதே ஒளி பிறக்கிறது. ஆகவே சூடு குறைவு, பற்றரி நீண்ட நேரம் நிற்கும், ஆயிரக்கணக்கான மணிநேரம் எரியும். வெள்ளை எல்.ஈ.டி.க்கு அடிப்படையான நீல ஒளியை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வளர்ந்த ‘ஆர்க்லைட்’ என்ற கருவி சட்டைப்பையில் அடங்கும். வெயிலிலேயே சார்ஜ் ஏற்றலாம். மலைத்தோட்டங்களுக்கு இது எவ்வளவு பொருத்தம்!

“அந்த வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடாதா?” என்று சில உம்மாமார் கேட்கிறார்கள். வெள்ளை எல்.ஈ.டி. ஒளியில் நீலம் சற்று அதிகம் என்பது உண்மைதான். அதனால்தான் டொக்டர் வெளிச்சத்தை அளவோடு வைத்து, கொஞ்ச நேரத்தில் பார்த்து முடிக்கிறார். கண் கூசும், சிறிது நேரத்தில் சரியாகிவிடும்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. சீனி வருத்தம் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சத்தமில்லாமல் கெடுக்கும். ஆரம்பத்தில் வலி இல்லை, மங்கலும் இல்லை. கருவிக்குத்தான் தெரியும். சீனி வருத்தம் உள்ளவர்கள் வருடம் ஒருமுறையாவது கண்ணைக் காட்டுங்கள். கைக்குழந்தையின் கருமணிக்குள் வெள்ளையாக ஏதும் மின்னினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

“நோன்பு முடியட்டும்” என்று தள்ளிப்போடுகிறீர்களா? ஷாஃபிஈ மத்ஹபின்படி கண்ணில் விடும் சொட்டு மருந்தால் நோன்பு முறியாது, தொண்டையில் கசப்புத் தட்டினாலும் சரியே. கருமணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணிநேரம் பார்வை மங்கும். ஆகவே துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

பார்வை அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணிக்கொள்ள நம் அனைவருக்கும் அவன் அருள்புரிவானாக! ஆமீன்.