கோயிலும் இல்லை, சாமியும் இல்லை... ஆதிச்சநல்லூர் மேட்டில் ஏன் நம் குரல் தானா குறையுது?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் போனால், தாமிரபரணியின் தென்கரையில் ஒரு மேடு வரும். 114 ஏக்கர். முள்செடியும் சரளைக்கல்லும்தான். போர்டு இல்லையென்றால் ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் கடந்துபோயிருப்பீங்க. ஆனால், காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் என்று தெரிந்த நொடியில், சத்தமாகப் பேசவே கூச்சமாக இருக்கும். என்ன மாறிச்சு? மண் அதே மண்தானே?

அந்த இடத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. ஆற்றோர வண்டல் மண் நெல்லுக்கு. உழவுக்கு உதவாத, வெள்ளம் ஏறாத பரம்பு இறந்தவர்களுக்கு. 'இங்கே ஏர் பூட்டாதே, வீடு கட்டாதே' என்று ஓர் இடத்தை ஒதுக்கிவைத்தபோதே புனிதம் தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம். சாமியெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

இன்னொன்று, அந்தத் தாழிக்குள் இருக்கும் அக்கறை. பக்கத்து சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லை அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் லேபுக்கு அனுப்பினார்கள். கி.மு. 1155 என்று ரிசல்ட் வந்தது. சுமார் 3,200 வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தர், போற இடத்துல பசிக்குமேன்னு நினைச்சு அந்த நெல்லை வெச்சிருக்கலாம். இன்னிக்கும் படையல்ல தாத்தாவுக்குப் பிடிச்சதை வைக்கிறோமே, அதே மனசு. புறநானூற்றின் 256-வது பாட்டில் ஒரு பெண், கணவனை இழந்து குயவரிடம் பேசுகிறாள். எனக்கும் சேர்த்து இடமிருக்கிற மாதிரி தாழியை அகலமாகச் செய்யுங்கள் என்று கேட்கிறாள். இதைப் படித்த பிறகு, தாழி வெறும் பானையாகத் தெரியாது.

பயமும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் கிழவர்கள் சாகாமல் சுருங்கிக்கொண்டே போவார்களாம், விளக்கேற்றித் தாழிக்குள் உட்காரவைத்துவிடுவார்களாம் என்ற கதையைப் பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அது நிஜமில்லை. கீழடிக்குப் பக்கத்திலுள்ள கொந்தகை இடுகாட்டில் குழந்தைகளின் எலும்புக்கூடுகளும் கிடைத்திருக்கின்றன. ஆனால், கதை தன் வேலையைச் செய்தது. மலையோரக் கல்திட்டைகளை 'பாண்டவர் வீடு', 'குள்ளர் குகை' என்று ஊர்மக்கள் சொன்னதால்தான் பல இடங்களில் யாரும் கல்லைப் பெயர்க்கவில்லை. சட்டத்தைவிட அதிக நாள் காவல் காத்தது இந்தக் கதைகள்தான். கல்குவாரிக்காரருக்கு மட்டும் எந்தக் கதையும் பலிக்கவில்லை!

ஆதிச்சநல்லூரை 1876-ல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார். பொருட்கள் பெர்லினுக்குப் போயின. பிறகு அலெக்சாண்டர் ரீ எடுத்த தங்க நெற்றிப்பட்டங்களும் இரும்பு ஆயுதங்களும் எழும்பூர் மியூசியத்துக்கு வந்தன. அங்கே அவற்றைப் பார்க்கும்போது பிரமிப்பு வரும், அந்த மௌனம் வராது. இப்போது ஆதிச்சநல்லூரிலேயே குழிகளின் மேல் கண்ணாடி போட்டு, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். இதுதான் சரி.

ரீல்ஸ் எடுங்க, தப்பில்லை. ஓட்டுச்சில்லை மட்டும் ஞாபகார்த்தமாகப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளாதீங்க. எந்த ஆழத்தில், எதுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தையே படிக்கிறார்கள். உங்க ஊரில் கிணறு வெட்டும்போது தாழி வாய் தெரிந்தால், மேற்கொண்டு தோண்டாமல் முதல் போன் வி.ஏ.ஓ-வுக்குப் போகட்டும். போஸ்ட் அப்புறம் போட்டுக்கலாம்.