பெண் நாயின் சினைப்பருவப் பராமரிப்பு

கருத்தடை செய்யப்படாத பெண் நாய் இனச்சேர்க்கைக்குத் தயாராகும் காலம் சினைப்பருவம் எனப்படும். பேச்சுவழக்கில் இதை 'நாய் ஹீட்டுக்கு வந்திருக்கிறது', 'பருவத்துக்கு வந்திருக்கிறது' என்பர். இதைப் பெண்களின் மாதவிடாய் போன்றதெனப் பலர் நினைப்பதுண்டு. ஆனால் இரண்டும் வேறு. மாதவிடாய், கருமுட்டை வெளியாகிக் கரு உருவாகாத நிலையில் வருவது. நாயிலோ கருமுட்டை வெளியாவதற்கு முன்பே குருதி கசிகிறது. ஆகவே கசிவு குறைந்ததும் பருவம் முடிந்துவிட்டதாகக் கருதி நாயை வெளியே விடுவது, பல வேளைகளில் எதிர்பாராத சினைக்குக் காரணமாகிறது.

தொடங்கும் வயது

பெரும்பாலான நாய்கள் 6 முதல் 12 மாத வயதுக்குள் முதன்முறை பருவமடைகின்றன. சிறிய இனங்கள் முன்னதாகவும், பெரிய இனங்கள் சில வேளை 18 மாதத்துக்குப் பிறகும் பருவமடையும். பின்னர் ஏறத்தாழ 6 மாதங்களுக்கு ஒருமுறை பருவம் வரும். பசென்ஜி போன்ற சில இனங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வரும். நாய்களுக்கு மாதவிடாய் நிற்பது போன்ற நிலை கிடையாது. முதிய வயதிலும் அவை சினையாகக்கூடும்.

நிலைகள்

- முன் பருவம்: சுமார் 9 நாட்கள். ஈஸ்ட்ரோஜன் மிகுவதால் பிறப்புறுப்பு வீங்கிக் குருதி கசியும். ஆண் நாய்கள் தேடி வரும். பெண் நாய் அவற்றை அண்டவிடாது.
- சேர்க்கைப் பருவம்: இதுவும் சுமார் 9 நாட்கள். கசிவு குறைந்து வெளிர்நிறமாகும். பெண் நாய் வாலை ஒருபக்கம் ஒதுக்கி ஆண் நாயை ஏற்கும். கருவுறும் வாய்ப்பு மிகுந்த நாட்கள் இவையே.
- பின் பருவம்: சுமார் 2 மாதங்கள். சினையாகாவிட்டாலும் புரோஜெஸ்டிரோன் சுரப்பு உயர்ந்தே இருக்கும்.
- ஓய்வுக் காலம்: அடுத்த பருவம் வரையிலான சில மாதங்கள்.

இந்த நாட்கணக்கு நாய்க்கு நாய் பெரிதும் மாறுபடும்.

கவனிப்பு முறைகள்

குருதி தென்பட்ட முதல் நாளைக் குறித்து வைத்து, குறைந்தது 3 முதல் 4 வாரங்கள் நாயைத் தனியே வெளியே விடாதிருக்க வேண்டும். சுற்றுச்சுவர் மட்டும் போதிய காப்பு அன்று. ஆண் நாய்கள் அதைத் தாண்டி வரும். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ கட்டிவைப்பதை விட வீட்டுக்குள் வைத்திருப்பதே நல்லது. நடைப்பயிற்சியின்போது கழுத்துப்பட்டையில் கயிறு கட்டாயம் தேவை. வீட்டில் ஆண் நாய் இருந்தால், உடன்பிறந்ததாயினும் பிரித்து வைக்க வேண்டும்.

படுக்கையில் பழைய பருத்தித் துணியை விரித்து அடிக்கடி மாற்றலாம். நாய்களுக்கான டயப்பர் தரையைத் தூய்மையாக வைக்க உதவும். ஆனால் இனச்சேர்க்கையைத் தடுக்காது. நீண்ட நேரம் மாற்றாமல் விட்டால் தோல் புண்ணாகும். சோர்வு, பசிக்குறைவு, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை இயல்பாகத் தோன்றலாம். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவை நாய்க்கு நஞ்சாகக்கூடும்.

இணை சேர்ந்துவிட்டால்

நாய்கள் பிணைந்து நிற்கும்போது அடிப்பதும் இழுப்பதும் இரண்டையும் காயப்படுத்தும். பொதுவாக அரை மணி நேரத்துக்குள் அவை தாமாகவே பிரியும். குட்டி வேண்டாமெனில் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். சினைக்காலம் சுமார் 63 நாட்கள்.

பருவத்துக்குப் பின்

சில நாய்களுக்குச் சினையாகாமலே மடி பெருத்துப் பால் சுரக்கலாம். இது பொய்ச்சினை; பெரும்பாலும் தானே மறையும்.

கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் அதைவிட ஆபத்தானது. பருவம் முடிந்து சில வாரங்களில், குறிப்பாக வயது முதிர்ந்த நாய்களில், இது தோன்றும். மிகுந்த தாகம், வாந்தி, சோர்வு, வயிறு உப்புதல், துர்நாற்றமுள்ள கசிவு ஆகியவை இதன் அறிகுறிகள். கருப்பை வாய் மூடியிருந்தால் கசிவே தெரியாது; அந்நிலையில் ஆபத்து மேலும் அதிகம். உடனடி சிகிச்சை இல்லையெனில் உயிரிழப்பு நேரலாம். பருவத்தைத் தள்ளிப்போடும் ஹார்மோன் ஊசிகள் இந்நோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

கருத்தடை

குட்டி தேவையில்லாத நாய்க்குச் சூலகத்தையும் கருப்பையையும் அகற்றும் அறுவை சிகிச்சையே நிலையான தீர்வு. பருவ நாட்களில் அப்பகுதியில் குருதியோட்டம் மிகுந்திருப்பதால், பொதுவாகப் பருவம் முடிந்து 2 முதல் 3 மாதங்கள் கழித்து இது செய்யப்படுகிறது. உரிய வயதை நாயின் இனம், உடல்நிலை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.