பைக்குக்கு 'ட்யூனர்' மாட்டலாமா?
மாத்தூர், மணலி ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊரும்போது ஆர்சி 390 திக்கித் திணறுதா? 'ட்யூனர் மாட்டிடு மச்சி' என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

பெங்களூருவின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் 'பவர்ட்ரானிக்' போன்ற பெட்டிகள் பைக்கின் ஈசியூவை அகற்றாது. சென்சாருக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து சிக்னலைத் திருத்தும். மாசு விதிக்காக கம்பெனி பெட்ரோலைக் கஞ்சத்தனமாகவே விடும். இது இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். திணறல் குறையும். மைலேஜும்தான்!

ஆக்சிஜன் சென்சார் இருந்தால் ஈசியூ அந்தக் கூடுதல் பெட்ரோலைக் குறைக்கப் பார்க்கும். அதனால் சிலர் சென்சாரையே கழற்றி விடுகிறார்கள். வம்பே அங்கேதான். புகை கூடும், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடும், வாரண்டியும் போகலாம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம்.

முதலில் செயின் தளர்வையும் ஏர் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.