படர்தாமரைக்கு மருந்து கடையிலா, மருத்துவரிடமா?



பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் மலைவலம் வருவோர், செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமப் பகுதியைக் கடந்து செல்கின்றனர். அவர்களைப்போல் வியர்வை ஊறிய ஆடையோடு நெடுநேரம் இருக்கும் எவரையும், உழவராயினும் ஓட்டுநராயினும் அடுப்படியில் நிற்கும் தாயாராயினும், படர்தாமரை எளிதிற் பற்றும். இது பூஞ்சையால் வரும் தொற்றுநோயேயன்றி, எவருடைய ஒழுக்கக் குறைவின் அடையாளமும் அன்று. ஆயினும், இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வருவதால், மருத்துவரிடம் காட்ட நாணி, கடையில் "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று கேட்டு வாங்குவோர் பலர்.

தீங்கு இங்கேதான் தொடங்குகிறது. அத்தகைய களிம்புகள் பலவற்றில் பூஞ்சைக்கொல்லியோடு குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அது அரிப்பையும் சிவப்பையும் சில நாட்களில் அடக்கிவிடும், பூஞ்சையோ சாகாது. தோலின் எதிர்ப்பாற்றல் தளர்வதால் நோய் மேலும் படரும். தோல் மெலிந்து, மாறாத வரித் தழும்புகளும் தோன்றும். இதனாலேயே 2018-இல் நடுவண் அரசு, ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத 'எச்' அட்டவணையில் சேர்த்தது. டெர்பினாஃபின் மருந்துக்கு எளிதில் அடங்காத பூஞ்சையும் நம் நாட்டில் பரவியுள்ளது; 2020-இல் அதற்கு 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயரிட்டனர்.

உட்கொள்ளும் மாத்திரைகளில் இன்னும் கவனம் தேவை. ஈரல் நோயுள்ளோர் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும். இதயம் தளர்ந்தோருக்கு இட்ராகோனசோல் ஆகாது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினோடும் அதனைச் சேர்த்து உண்ணலாகாது. அதன் காப்ஸ்யூலை உணவுக்குப் பின் உட்கொள்க. அமில முறிவு மருந்து அதன் பயனைக் குறைக்கும். கருவுற்ற தாய்மார் கிரீசியோஃபல்வினைத் தவிர்த்தல் வேண்டும். மாத்திரை உண்ணுங்கால் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கருத்தாலோ, ஓயாத குமட்டல் வந்தாலோ, மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரை அடைக.

அரிப்பு நின்றது நோய் தீர்ந்ததன் சான்றன்று. மருத்துவர் குறித்த நாள் முடியும்வரை மருந்தை விடாதீர்கள். வீட்டில் பிறருக்கும் நோய் இருப்பின், அனைவரும் ஒருசேர மருத்துவம் பெறுக. துண்டும் உள்ளாடையும் அவரவர்க்குத் தனித்தனியே இருக்கட்டும். அவற்றை நன்கு துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். ஒருவருக்கு எழுதிய சீட்டில் மற்றவருக்கு மருந்து வாங்காதீர்கள்.

பெற்றோரே, வளர்ந்த பிள்ளைகள் இந்நோயை உங்களிடம் மறைக்கக்கூடும். கடிந்துகொள்ளாமல் கேளுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாணத்தால் மறைத்த சிறுநோய், ஆண்டுக்கணக்கில் குடும்பத்தையே வாட்ட இடந்தர வேண்டா.