அடிக்கடி சிறுநீர் கழித்தல்: மறைக்க வேண்டியதன்று, காரணம் அறிய வேண்டியது



குத்பாவின் நடுவே எழுந்து செல்ல நேருமோ என அஞ்சிப் பள்ளிவாசலின் கடைசி வரிசையில் அமரும் முதியவர்கள் உளர். பாடசாலை மலசலகூடத்துக்குச் செல்லக் கூச்சப்பட்டு, நாள் முழுவதும் தண்ணீர் அருந்தாதிருக்கும் மாணவிகளும் உளர். இவர்கள் தம் நிலையை எவரிடமும் கூறுவதில்லை. அடிக்கடி சிறுநீர் கழித்தல் தனியொரு நோயன்று. அது ஓர் அறிகுறியாகும். காரணத்தை அறிந்தால் பெரும்பாலும் பரிகாரமும் உண்டு.

சுகதேகி ஒருவர் 24 மணித்தியாலங்களில் ஏறத்தாழ 6 முதல் 8 தடவைகள் சிறுநீர் கழிப்பது இயல்பாகும். அதிக நீர், தேநீர், கோப்பி அருந்தினால் இது கூடும். நோன்பு திறந்தபின் குறுகிய நேரத்தில் நிறையப் பருகுவோர் தராவீஹின் இடையே எழுந்து செல்வது இதனாலேயாகும். கர்ப்பிணித் தாய்மாருக்கும் இது சாதாரணமானதே. உயர் இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் சிறுநீரை அதிகரிக்கச் செய்யும். வைத்தியரைக் கேளாது அவற்றை நிறுத்தலாகாது.

இனி நோய்க் காரணங்களை நோக்குவோம்.

முதலாவது, சிறுநீர்த் தொற்று. எரிவு, அடிவயிற்று வலி, காய்ச்சல் என்பன இதன் அடையாளங்கள். பெண்களின் சிறுநீர்வழி குறுகியதாதலால் அவர்களையே இது அதிகம் பாதிக்கின்றது. நீர் அருந்தாமலும் சிறுநீரை அடக்கியும் வைப்பது இத்தொற்றுக்கு இடமளிக்கும்.

இரண்டாவது, நீரிழிவு. இரத்தத்தில் சீனி மிகும்போது சிறுநீரகம் அதனை வெளியேற்றும். சீனியுடன் நீரும் சேர்ந்து வெளியேறும். ஆதலால் தாகமும் களைப்பும் உண்டாகும், உடலும் மெலியக்கூடும். படுக்கை நனைப்பதை நிறுத்திவிட்ட பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கி, தாகமும் மெலிவும் காணப்பட்டால், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். சிறுவர்களிலும் நீரிழிவு ஏற்படும்; தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மூன்றாவது, ஐம்பது வயதைக் கடந்த ஆண்களில் புரொஸ்டேட் சுரப்பி வீங்குதல். இரவில் பல தடவை எழுதல், சிறுநீர் மெல்லிய தாரையாக வருதல், முழுமையாகக் கழியாதது போன்ற உணர்வு என்பன இதன் அறிகுறிகள்.

வாலிபர் சிலரை வருத்துவது வஸ்வாஸ் ஆகும். துளி வந்ததோ என ஐயுற்று, மீண்டும் மீண்டும் கழிவறை சென்று வுழூச் செய்வர். உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது மார்க்கச் சட்ட விதி. இவ்வையம் அன்றாட வாழ்வையே குலைக்குமாயின், மனநல வைத்தியரை நாடுவதில் இழுக்கில்லை.

சிறுநீரை அடக்கிக்கொண்டு தொழுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஆகவே தேவையை நிறைவேற்றிவிட்டுத் தொழுங்கள். கட்டுப்பாடின்றித் தொடர்ந்து கசியும் நோயாளிக்கும் சலுகை உண்டு. ஷாபிஈ மத்ஹபின்படி, அவர் தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி கட்டி, ஒவ்வொரு பர்ழுக்கும் வுழூச் செய்து தாமதியாது தொழ வேண்டும். ஜமாஅத்துக்காகக் காத்திருப்பது குற்றமாகாது.

பெற்றோர்களே! கிராமவாசி ஒருவர் மஸ்ஜிதுந் நபவியிலேயே சிறுநீர் கழித்தபோது, அவரை இடைமறிக்க வேண்டாமெனத் தடுத்து, அவ்விடத்தில் ஒரு வாளி நீரை ஊற்றச் செய்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அவ்வாறிருக்க, படுக்கை நனைக்கும் பிள்ளையை ஏசுவதும் அடிப்பதும் நமக்குத் தகுமா?

சிறுநீரில் இரத்தம், எரிவுடன் காய்ச்சல், சிறுநீர் தடைப்படல் ஆகியன கண்டால் உடனே வைத்தியரை நாடுங்கள். ஏனையோரும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையையும் இரத்தச் சீனிப் பரிசோதனையையும் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் வாப்பாவோ உம்மாவோ இரவில் பலமுறை எழுவதைக் கண்டால், பிள்ளைகளே, நீங்களே மெதுவாகக் கேட்டு, வைத்தியசாலைக்குத் துணையாகச் செல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும் அமைதியான வணக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.