தரவுச் சேமிப்பகமும் அதன் துறைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்குத் 'துறை' என்னும் சொல் புதியதன்று. காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என ஊர்ப்பெயர்களிலேயே அது நிலைத்துவிட்டது. கப்பல் வந்து அணைவதற்கும் சரக்கு ஏறி இறங்குவதற்கும் உரிய இடமே துறை. பண்டகசாலை எத்துணைப் பெரிதாயினும், துறை ஒழுங்காக அமையாவிடின் உள்ளேயிருக்கும் பொருள் எவர்க்கும் பயன்படாது. கணினி வல்லுநரும் இதே சொல்லை எடுத்தாள்கின்றனர். பெரிய நிறுவனங்களின் தரவுச் சேமிப்பகத்தில், ஏனைய கணினிகள் வந்து பொருந்தும் வாயில்களுக்குத் துறைகள் என்பது பெயர். அவற்றை முறையாக அமைப்பது எங்ஙனம் என்பதை இங்கே விளக்குவோம்.

எடுத்துக்காட்டாக மருதனார்மடத்தை நினைத்துக்கொள்ளலாம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 ஆம் ஆண்டில் பெண்களுக்கென நிறுவிய கல்லூரி அங்கே இருக்கின்றது. 1960 இல் தொடங்கப்பெற்ற இராமநாதன் இசைக் கழகம், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகி, இன்றும் அவ்வூரிலேயே இசையும் நடனமும் பயிற்றுகின்றது. இத்தகைய நிலையமொன்று மூத்த கலைஞர்களின் பாட்டையும் நாதசுர வாசிப்பையும் ஒலிப்பதிவு செய்து காக்க முற்படுவதாகக் கொள்வோம். இசைத்தட்டுத் தரத்தில், சுருக்காமற் பதிந்த ஒரு மணி நேர இசைக்கு ஏறக்குறைய 635 மெகாபைற்று இடம் வேண்டும். ஆயிரம் மணி நேரத்துக்கு 635 கிகாபைற்று ஆகும். கலைஞர் மறைந்த பின்னர் இவற்றுள் ஒன்றையேனும் மீளப் பதிய இயலாது. ஆகவே, சாதாரண மேசைக் கணினி ஒன்றில் இவற்றை இட்டுவிட்டு அமைதியடைதல் தகாது.

பெருஞ் சேமிப்பகம் என்பது பல வட்டுகளை ஒரே பேழையில் அடுக்கி, அவற்றை ஆள இரண்டு கட்டுப்படுத்திகளை வைத்த ஓர் இயந்திரம். ஒரு கட்டுப்படுத்தி பழுதுற்றால் மற்றையது பணியை ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் இருவகைத் துறைகள் உள. ஒன்று நிருவாகத் துறை. பொறுப்பாளர் சேமிப்பகத்துக்குக் கட்டளையிடுவதற்கு உரியது. மற்றொன்று விருந்தோம்பு துறை எனத்தக்கது. சேவையகங்கள் தரவை எழுதவும் படிக்கவும் வருவது அதன் வழியாகவே. இவ்விரண்டையும் ஒரே வலையமைப்பிற் கலந்துவிடுதல், கணக்காளரின் அறைக்கும் சரக்கு வண்டிக்கும் ஒரே கதவை வைப்பது போன்றது.

அடுத்துக் கருதத்தக்கது பாதை. யாழ்ப்பாண நகரிலிருந்து மருதனார்மடச் சந்தைக்கு வருவோர் வழக்கமாகக் காங்கேசன்துறை வீதியில் கொக்குவில், இணுவில் வழியாக வருவர். அவ்வழி அடைபட்ட நாளில் பலாலி வீதியால் உரும்பிராய்க்குச் சென்று, மேற்கே திரும்பியும் வந்துசேரலாம். இரு பாதைகளும் வேறு வேறாக இருப்பதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகின்றது. சந்தைக்கு இரண்டு வாயில்கள் வைத்து, இரண்டையும் ஒரே வீதியிலே திறந்துவிட்டால், அவ்வீதி அடைபடும்போது இரண்டு வாயில்களும் வீணே. சேமிப்பகத்திலும் இப்பிழை அடிக்கடி நேர்கின்றது. நான்கு வடங்களையும் ஒரே ஆளியிற் செருகிவிட்டு, நான்கு பாதைகள் உள என்று எண்ணுவோர் உளர். அந்த ஓர் ஆளியின் மின் நின்றால் நான்கும் ஒருங்கே அறுந்துபோகும்.

ஆதலின் ஆளிகள் இரண்டாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கட்டுப்படுத்தியிலிருந்தும் ஒரு வடம் முதலாம் ஆளிக்கும், இன்னொரு வடம் இரண்டாம் ஆளிக்கும் செல்லவேண்டும். சேவையகத்திலும் வலையமைப்பு அட்டைகள் இரண்டு பொருத்தி, ஆளிக்கு ஒன்றாக இணைத்தல் வேண்டும். இவ்வாறு செய்தால் ஒரு சேவையகத்துக்கு நான்கு பாதைகள் கிடைக்கும். வடமோ அட்டையோ ஆளியோ கட்டுப்படுத்தியோ, எவ்வொன்று பழுதாயினும் வழி எஞ்சியிருக்கும்.

இனி முகவரி. ஈதர்நெற் வலையமைப்பின் வழியே வட்டை அணுகுவதற்குரிய ஐஸ்கசி என்னும் நெறிமுறை 2004 ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்றது. அதில் ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஐ.பி. முகவரி வேண்டும். முதலாம் ஆளியைச் சேர்ந்த துறைகள் 192.168.10 என்று தொடங்கும் முகவரிகளையும், இரண்டாம் ஆளியைச் சேர்ந்தவை 192.168.20 என்று தொடங்குவனவற்றையும் பெறலாம். இங்ஙனம் பிரித்தால், எந்தத் தரவு எந்தப் பாதையிற் செல்கின்றது என்பதில் ஐயம் எழாது. இவ்விரு வலைகளும் இணையத்தோடு தொடர்பற்றனவாய் இருத்தல் நன்று. முகவரிகள் தாமாக மாறாமல் நிலையாக இருக்கவேண்டும் என்பதும் மறக்கற்பாலதன்று.

வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு ஒரு கிகாபிற்று செல்லும் துறையொன்றில், முன்னர்க் கூறிய 635 கிகாபைற்றுத் தரவை நகர்த்த, தடையேதுமில்லாவிடினும் ஏறக்குறைய 85 நிமிடம் செல்லும். பத்துக் கிகாபிற்றுத் துறையில், வட்டுகளும் ஈடுகொடுத்தால், எட்டரை நிமிடம் போதும்.

தரவு செல்லும் பொதியின் அளவு மற்றொரு நுட்பம். ஈதர்நெற்றில் வழக்கமான அளவு 1500 பைற்று. சேமிப்பகப் பணிக்கு இதனை 9000 ஆக உயர்த்துவோர் உளர். உயர்த்துவதாயின் சேமிப்பகத் துறை, ஆளி, சேவையகம் ஆகிய மூன்றும் அவ்வளவை ஏற்கும்படி அமைத்தல் வேண்டும். இடையில் ஒன்று மட்டும் 1500 இல் நின்றுவிட்டால் விளைவு விசித்திரமானது. சிறு செய்திகள் தடையின்றிச் செல்லும், இணைப்பும் ஏற்பட்டுவிடும், பெருந்தரவு புறப்பட்டவுடன் எல்லாம் நின்றுபோகும். காரணம் புலப்படாமற் பொறுப்பாளர் அலைவர். துண்டாக்கக் கூடாது என்ற குறிப்புடன் 8972 பைற்றுச் சோதனைப் பொதியொன்றை அனுப்பிப் பார்த்தால், தலைப்புக்குரிய 28 பைற்றும் சேர்ந்து 9000 ஆகிப் பாதையின் தகுதி வெளிப்படும். இவ்வளவு கவனம் செலுத்த இயலாவிடத்து 1500 ஐ அவ்வாறே விட்டுவிடுவது அறிவுடைமை.

எல்லாவற்றிலும் முதன்மையானது, யார் உள்ளே வரலாம் என்னும் வரையறை. ஒவ்வொரு சேவையகத்துக்கும் ஒரு தனிப்பெயர் உண்டு. ஐஸ்கசியில் அது ஆண்டும் மாதமும் நிறுவனப் பெயரும் கோத்த நீண்ட சொற்றொடர். ஒளியிழை வழிச் செல்லும் ஃபைபர் சனல் முறையில் 64 பிற்று எண். சேமிப்பகத்தில் அப்பெயரைப் பதிந்து, இன்ன பெயருடையார்க்கு இன்ன வட்டுப்பகுதி என ஒதுக்கவேண்டும். எல்லார்க்கும் எல்லாம் என்று திறந்துவிட்டால், ஒரே பகுதியில் இரண்டு சேவையகங்கள், ஒன்றையொன்று அறியாமல், எழுதத் தொடங்கக்கூடும். ஒரு கணக்கேட்டில் இருவர் ஒருவர் எழுதியதன் மீது மற்றவர் எழுதினால் யாது நிகழுமோ அதுவே நிகழும். எந்த எச்சரிக்கை ஒலியும் எழாது. ஒலிப்பதிவுகள் குலைந்துபோயிருப்பது பல நாள் கழித்தே தெரியவரும். வடம் அறுந்தால் பணி நிற்கும். உரிமை பிழைத்தாலோ பொருளே அழியும். பெயரோடு கடவுச்சொல்லையும் கேட்கும்படி அமைப்பது மேலும் காவலாகும்.

சேவையகத்தின் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. நான்கு பாதைகளாலும் ஒரே வட்டுப்பகுதியைக் காணும் சேவையகம், அதனை நான்கு வேறு வட்டுகள் என மயங்கும். பல்பாதை மென்பொருளை நிறுவினாலே நான்கும் ஒன்றென அது உணரும். அதன்பின், உண்மைத் தரவை ஏற்றுமுன், ஒரு வடத்தைப் பிடுங்கிப் பார்க்கவேண்டும். பின்னர் ஓர் ஆளியை நிறுத்தியும், ஒரு கட்டுப்படுத்தியை மீளத் தொடக்கியும் பார்க்கவேண்டும். மூன்றிலும் எழுதும் பணி இடையறாது நடந்தாலன்றி அமைப்பு முற்றுப்பெற்றதாகக் கொள்ளலாகாது. எந்த வடம் எந்தத் துறையில் என்பதை வடத்திலும் ஏட்டிலும் எழுதிவைத்தல் பின்வருவோர்க்குப் பேருதவி.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பாதைகள் பலவாதல் வேறு, படிகள் பலவாதல் வேறு. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்திற் படியிருந்த நூல்களைப் பின்னர்த் தேடிப் பெற முடிந்தது; ஒற்றைப் படியாக இருந்த ஏடுகளோ மீளவில்லை. ஈழத்துத் தமிழ் எழுத்துகளை எண்ணிம வடிவிற் பேண 2005 இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' போன்ற முயற்சிகளின் தேவையை அவ்விழப்பு நன்கு உணர்த்துகின்றது. நான்கு துறைகள் உள்ள சேமிப்பகமும் ஒரே அறையில் இருப்பதே. தீயும் வெள்ளமும் துறைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆதலின், மருதனார்மடத்தில் வைக்கும் பதிவுகளின் இரண்டாம் படி குடாநாட்டுக்கு அப்பால் வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும். அப்படியும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து கேட்கப்படல் வேண்டும்.