ஊருக்காக எழுதுபவர் இல்லாமல் போனால்?

நெஞ்சைத் தொடும் கட்டுரை ஒன்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுமத்துக்கு வந்து சேரும். கீழே யாரோ ஒரு பெரியவரின் பெயர் போட்டிருக்கும். படித்து நெகிழ்ந்து அடுத்த குழுமத்துக்கு அனுப்பிவிடுவோம். உண்மையில் அதை எழுதியது யார், அந்த வேலைக்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்று பெரும்பாலும் யோசிப்பதில்லை.

வாட்ஸ்அப் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1997-ல், அமெரிக்காவில் இதே கதை நடந்தது. அந்தக் கோடையில் ஒரு பட்டமளிப்பு உரை மின்னஞ்சல் வழியே உலகைச் சுற்றியது. எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் நாவலாசிரியர் கர்ட் வானகட் பேசியது என்று குறிப்பு வேறு. வானகட் அங்கே பேசவே இல்லை. அந்த ஆண்டு எம்.ஐ.டி.யில் உரையாற்றியவர் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான். மின்னஞ்சலில் சுற்றியதோ, 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழில் மேரி ஷ்மிக் என்ற பத்தி எழுத்தாளர் 1997 ஜூன் 1 அன்று எழுதிய ஒரு பத்தி. பட்டம் பெறும் இளைஞர்களிடம் பேசுவதுபோல் கற்பனையாக அவர் எழுதிய அறிவுரைகள் அவை. பின்னர் அதை அப்படியே ஒரு பாடலாகவும் வெளியிட்டார்கள். பல நாடுகளில் அது பிரபலமானது.

எழுத்து உலகைச் சுற்றியது. எழுதியவரின் பெயரும் அதை அச்சிட்ட நாளிதழின் பெயரும் வழியிலேயே உதிர்ந்துபோயின. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நாளிதழ்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்பதற்கு அது ஒரு முன்னோட்டம்போல அமைந்துவிட்டது. அந்தச் சிகாகோ நகரையே எடுத்துக்கொண்டு, உள்ளூர்ப் பத்தி எழுத்தாளரின் வேலை எப்படி இருந்தது, எப்படிக் கரைந்தது, அதனால் யாருக்கு நட்டம் என்று பார்ப்போம்.

பத்தி எழுத்தாளர் என்ன செய்கிறார்?

செய்தியாளர் நடந்ததைச் சொல்வார். தலையங்கம் நிர்வாகத்தின் கருத்தைச் சொல்லும். உள்ளூர்ப் பத்தி எழுத்தாளர் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில், நாளிதழின் அதே இடத்தில், தன் பெயரோடும் படத்தோடும் எழுதுவார். ஊரில் யாருக்கு அநீதி நடந்தது, எந்த அலுவலகத்தில் ஏழையை அலைக்கழிக்கிறார்கள், எந்தத் தெருவில் யார் காலமானார் என்பதெல்லாம் அவருக்கு விஷயம். வாசகர் அவரை நேரில் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் தெரிந்த மனிதரைப் போலத் தொலைபேசியில் அழைத்து முறையிடுவார்.

சிகாகோவில் இந்த வேலைக்கு இலக்கணம் வகுத்தவர் மைக் ராய்க்கோ. 1932-ல் பிறந்தவர். குடும்பத்தின் மதுக்கடைக்கு மேல்மாடியில் வளர்ந்த, உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து பத்திகள் எழுதினார். மொத்தம் 7,000-க்கும் அதிகம். நகரத்தை ஆட்டிப்படைத்த மேயர் ரிச்சர்ட் டேலியைப் பற்றி அவர் 1971-ல் எழுதிய 'பாஸ்' என்ற நூல் இன்றும் படிக்கப்படுகிறது. 1972-ல் புலிட்சர் பரிசு பெற்றார்.

அவருடைய ஒரு பத்தியைச் சொன்னால் இந்த எழுத்தின் தன்மை விளங்கும். பேஸ்பால் விளையாட்டில் கறுப்பினத்தவர்களுக்கு இருந்த தடையை 1947-ல் உடைத்து உள்ளே வந்தவர் ஜாக்கி ராபின்சன். 1972 அக்டோபரில் அவர் இறந்தபோது ராய்க்கோ இரங்கல் உரை எழுதவில்லை. தான் 14 வயதுச் சிறுவனாக இருந்தபோது ராபின்சன் முதன்முதலாகச் சிகாகோ மைதானத்தில் ஆடியதைப் பார்க்கப் போன கதையை எழுதினார். கூட்டத்துக்குள் பறந்துவந்த ராபின்சனின் பந்து ஒன்று சிறுவன் கைக்குக் கிடைக்கிறது. பக்கத்தில் நின்ற கறுப்பின மனிதர் ஒருவர் பத்து டாலர் தருவதாகச் சொல்லி அதைக் கேட்கிறார். சிறுவன் விற்றுவிடுகிறான். அந்தப் பத்து டாலருக்காக அந்த மனிதர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்பது வளர்ந்த பிறகுதான் உறைக்கிறது.

இனவெறி தவறு என்று அந்தப் பத்தி உபதேசிக்கவில்லை. ஆனால் இனவெறியை நியாயப்படுத்தும் வாசகன்கூட அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காமல் தப்ப முடியாது. ஊரில் பிறந்து, ஊரில் நடந்து, ஊராரின் பேச்சைக் கேட்டவரால்தான் இப்படி எழுத முடியும்.

சரிவு எங்கே தொடங்கியது?

இணையம் வந்துதான் நாளிதழ்கள் அழிந்தன என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. ராய்க்கோ புகழின் உச்சியில் இருந்தபோதே, அவர் எழுதிய 'சிகாகோ டெய்லி நியூஸ்' 1978 மார்ச் மாதம் மூடப்பட்டது. மாலை நேரத்தில் தொலைக்காட்சி முன் அமர்ந்த மக்களுக்கு மாலைப் பத்திரிகை தேவைப்படவில்லை. அவர் 'சன்-டைம்ஸ்' இதழுக்கு மாறினார். 1984-ல் அதை ரூப்பர்ட் மர்டாக் வாங்கியதும் அங்கிருந்து விலகி 'ட்ரிப்யூன்' இதழில் சேர்ந்தார். 1997-ல் இறக்கும்வரை அங்கேதான் எழுதினார்.

உண்மையான அடி, விளம்பரத்தில் விழுந்தது. வீடு வாடகைக்கு, ஆள் தேவை, பழைய கார் விற்பனைக்கு என்று வந்த வரி விளம்பரங்கள்தான் அமெரிக்க நாளிதழ்களின் கறவை மாடு. கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்கள் அவற்றில் பெரும்பாலானவற்றை இலவசமாகவே போட்டுக்கொடுத்தன. மிச்சமிருந்த பெரிய விளம்பரங்களைக் கூகுளும் ஃபேஸ்புக்கும் எடுத்துக்கொண்டன. 2005-ல் ஏறத்தாழ 4,900 கோடி டாலராக இருந்த அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருவாய், 2020-ல் 1,000 கோடி டாலருக்கும் கீழே இறங்கியது. நாளிதழ்களின் செய்திப் பிரிவுகளில் 2008-ல் சுமார் 71,000 பேர் வேலை பார்த்தார்கள். 2020-ல் சுமார் 31,000 பேர்.

சிகாகோவில் இதோடு கடனும் சேர்ந்துகொண்டது. 2007-ல் சாம் ஸெல் என்ற நிலவணிகப் பெருமுதலாளி 820 கோடி டாலருக்கு ட்ரிப்யூன் நிறுவனத்தைக் கைப்பற்றினார். அதில் அவர் போட்ட சொந்தப் பணம் 31.5 கோடி டாலர்தான். மீதியில் பெரும்பகுதி கடன். அந்தக் கடன் ஏறியது வாங்கியவர் தலையில் அல்ல, நிறுவனத்தின் தலையில். ஓராண்டு முடிவதற்குள், 2008 டிசம்பரில், சுமார் 1,300 கோடி டாலர் கடனோடு நிறுவனம் திவால் மனு கொடுத்தது. வட்டி வாசலில் நிற்கும்போது செய்தி சேகரிப்புக்கு யார் பணம் ஒதுக்குவார்?

மாறிப்போன வேலைநாள்

இந்தச் சரிவு பத்தி எழுத்தாளரின் அன்றாடத்தை எப்படித் தொட்டது? ராய்க்கோவுக்குத் தகவல் திரட்டிக் கொடுக்கவும் வாசகர் அழைப்புகளைக் கவனிக்கவும் உதவியாளர் இருந்தார். பழைய செய்தி நறுக்குகளை எடுத்துத்தர அலுவலகத்தில் நூலகம் இருந்தது. பிழை பார்க்கப் பல கண்கள் இருந்தன. ஆள்குறைப்பு வரும்போது முதலில் போவது இந்தப் பின்னணி ஆட்கள்தான். எழுதுபவரே தகவலைச் சரிபார்த்து, படமும் எடுத்து, சமூக ஊடகத்தில் பகிரவும் வேண்டும் என்றாகிறது. பக்கத்து மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. அடுத்த சுற்றில் நம் பெயர் இருக்குமோ என்ற கவலையோடு அடுத்த பத்தியை எழுத வேண்டும்.

அதைவிட நுட்பமான மாற்றம் ஒன்று உண்டு. யார் எதை எத்தனை பேர் படித்தார்கள் என்று இணையம் கணக்குக் காட்டத் தொடங்கியது. ஒரு பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்க இடமில்லை என்று எழுதினால் அந்த வட்டாரத்தார் மட்டும் படிப்பார்கள். அதிபரைப் பற்றிச் சூடாக எழுதினால் நாடே படிக்கும். வேலையைக் காப்பாற்ற வேண்டியவருக்கு எது இலாபம்? இப்படித்தான் உள்ளூர் எழுத்தாளர்களும் மெல்ல மெல்லத் தலைநகர் சண்டைக்குள் இழுக்கப்பட்டார்கள்.

மேரி ஷ்மிக் இந்தக் காலம் முழுவதும் ஊரைப் பற்றியே எழுதினார். 2012-ல் புலிட்சர் பரிசும் பெற்றார். ஆனால் பரிசுகள் நாளிதழ் மாளிகைகளைக் காப்பாற்றவில்லை. 1925-ல் கட்டி முடிக்கப்பட்ட ட்ரிப்யூன் கோபுரம் 2016-ல் விற்கப்பட்டது. 2018-ல் செய்தியாளர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். இன்று அது அடுக்குமாடிக் குடியிருப்பு. 2021 மே மாதம், செலவைக் கடுமையாக வெட்டுவதற்குப் பெயர்போன ஆல்டன் குளோபல் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனம் ட்ரிப்யூனை வாங்கியது. உடனே விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. மேரி ஷ்மிக், எரிக் ஸோர்ன், டாலீன் கிளான்டன், ஹைடி ஸ்டீவன்ஸ் என்று ஊரறிந்த பத்தி எழுத்தாளர்கள் சில வாரங்களுக்குள் வெளியேறினார்கள். ஆற்றங்கரையில் இருந்த ட்ரிப்யூனின் பெரிய அச்சகமும் 2024-ல் ஓய்ந்தது. அந்த நிலத்தில் எழும்புவது ஒரு சூதாட்ட விடுதி.

போட்டி இதழான 'சன்-டைம்ஸ்' வேறு வழி தேடியது. 2022-ல் உள்ளூர்ப் பொது வானொலியோடு இணைந்து இலாப நோக்கற்ற நிறுவனமானது. ஆனாலும் 2025 மார்ச்சில் ஊழியர்களில் ஐந்தில் ஒரு பகுதியினர் விருப்ப ஓய்வில் போனார்கள். இரண்டு மாதம் கழித்து, வெளியிலிருந்து வாங்கி இணைத்த ஓர் இணைப்பிதழில் கோடைக்காலத்தில் படிக்க வேண்டிய 15 நூல்களின் பட்டியல் வந்தது. அவற்றில் 10 நூல்கள் உலகில் இல்லவே இல்லை. செயற்கை நுண்ணறிவு கற்பனையாக உருவாக்கிய தலைப்புகள் அவை; எழுத்தாளர்களின் பெயர்கள் மட்டும் உண்மை. அச்சேறும் முன் செய்திப் பிரிவில் யாரும் அதைச் சரிபார்க்கவில்லை.

ஊரைப் பற்றி எழுதினால் என்ன ஆகும்?

ஒரு பத்தி போனால் என்ன, கருத்துச் சொல்லத்தான் இணையத்தில் கோடிப் பேர் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இதற்குக் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. அங்கு வெளியாகும் 'டெசர்ட் சன்' நாளிதழ், 2019 ஜூலை மாதம் முழுவதும் தன் கருத்துப் பக்கத்தில் தேசிய அரசியலுக்கு இடமில்லை என்று அறிவித்தது. போக்குவரத்து, சுற்றுச்சூழல், பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது என்று ஊர் விஷயங்களே பக்கத்தை நிரப்பின. அந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் மூன்று ஆய்வாளர்கள் வாசகர்களிடம் கருத்துக் கேட்டு, இன்னோர் ஊரோடு ஒப்பிட்டார்கள். எதிர்க் கட்சியினர் மீதான வெறுப்பு வளரும் வேகம் 'டெசர்ட் சன்' வாசகர்களிடம் குறைந்திருந்தது.

காரணம் எளிது. சாக்கடை அடைத்தால் இரண்டு கட்சிக்காரர் வீட்டிலும் நாற்றம்தான். ஊரைப் பற்றிப் பேசும்போது எதிரே இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரராகத் தெரிகிறார். ஊர்ப் பேச்சு நின்றுபோனால் அவர் வெறும் கட்சிக்காரராக, மதத்துக்காரராக, சாதிக்காரராக மட்டுமே தெரிகிறார். அமெரிக்காவில் 2005-க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நாளிதழ்களும் வார இதழ்களும் மறைந்துவிட்டன. அந்த இடத்தை நிரப்ப வந்தது பெரும்பாலும் தூரத்திலிருந்து வரும் கூச்சல்தான். எண்ணிக்கையில் குறைந்த சமூகத்தாருக்கு இதன் வலி அதிகம். அவர்களை முகம் பார்த்து அறிந்த எழுத்தாளர் ஊரில் இல்லாதபோது, அவர்களைப் பற்றிய வதந்தியை மறுக்கவும் ஆளில்லை.

நம் கையில் இருப்பது

சிகாகோவில் எல்லாம் முடிந்துவிடவில்லை. எரிக் ஸோர்ன் தன் வாசகர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் மடல் எழுதுகிறார். அதற்கு வாசகர்கள் விரும்பிச் சந்தா கட்டுகிறார்கள். விளம்பரதாரர் கொடுத்த சம்பளத்தை இனி வாசகர்தான் கொடுக்க வேண்டும் என்பதை மெல்ல உணர்ந்து வருகிறார்கள்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. நம் பகுதியைப் பற்றி நேர்மையாக எழுதும் இதழ் இருந்தால் சந்தா கட்டுவோம். எழுதுபவரிடம் தகவல் தருவோம். தவறாக எழுதினால் மரியாதையோடு சுட்டிக்காட்டுவோம். எழுத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு, உலகைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு முன் தெருவில் இறங்கி நாலு பேரிடம் பேசிக் கேட்டுவரப் பழக்குவோம். காதில் விழுந்ததையெல்லாம் பரப்பக் கூடாது, செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது நம் மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்ததுதானே.

அடுத்த முறை ஒரு நல்ல கட்டுரை குழுமத்துக்கு வரும்போது, அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் தேடிப் பார்ப்போம். எழுதியவர் பெயரும் வெளியிட்ட இதழின் பெயரும் கிடைத்தால், அவற்றையும் சேர்த்தே அனுப்புவோம்.